ஸ்டீயரிங் கோளாறு: வாரன்டியா, இன்சூரன்ஸா, வெளி மெக்கானிக்கா?

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. வாரன்டி இன்னும் முடியவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. அல்லது திருப்பும்போது அடியில் 'கடக்' என்கிறது. அல்லது டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிகிறது. எங்கே கொண்டுபோவது?

சுற்றியிருப்பவர்களிடம் பதில் தயாராக இருக்கும். "வாரன்டி இருக்குல்ல, ஷோரூமுக்கே போ" என்பார் ஒருவர். "ஆஃப்ரோடு போனேன்னு சொன்னாலே கைய விரிச்சிடுவாங்க, பேசாம இன்சூரன்ஸ்ல போடு" என்பார் அடுத்தவர். "டை ராடு எண்டு மாத்த ஷோரூமா? நம்ம மெக்கானிக் மதியத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவார்" என்பது மூன்றாவது குரல். (டை ராடு, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு; எண்டு, அதன் முனையிலுள்ள மூட்டு.)

மூவர் சொல்வதும் சரிதான், ஆனால் மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கு. பாகம் தயாரிப்புக் குறையால் தானாகப் போயிருந்தால் பொறுப்பு கம்பெனியுடையது. பாறையில் இடித்து வளைந்திருந்தால் இன்சூரன்ஸ். ஓடி ஓடித் தேய்ந்திருந்தால் நம் பை. எதனால் போனது என்று தெரியாமலே இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பலர் செய்வது. தவறான இடத்துக்கு முதலில் போய்விட்டால், சரியான இடத்தில் கிடைத்திருக்க வேண்டியதும் கிடைக்காமல் போகும்.

என் தேர்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாரன்டி காலத்தில் ஸ்டீயரிங்கை முதலில் திறந்து பார்ப்பது கம்பெனி சர்வீஸ் சென்டராகத்தான் இருக்க வேண்டும். வேலையை அங்கேயே செய்கிறோமா, வெளியே செய்கிறோமா என்பதை அவர்கள் எழுதித் தரும் காரணத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். பல வேலைகளுக்கு நான் வெளி மெக்கானிக்கின் பக்கம்தான். ஸ்டீயரிங்கில் மட்டும் அப்படி இல்லை.

ஓட்டிக்கொண்டு போகலாமா?

இடத்தைத் தேர்வதற்கு முன்னால் இந்தக் கேள்வி. ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் பவர் அசிஸ்ட் மட்டும் போயிருந்தால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், ஆனால் கைக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு அறுந்துவிடாது. சமவெளியில் மெதுவாக உருட்டிக்கொண்டு பக்கத்து ஊர் சேரலாம். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த இறக்கத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, அல்லது முன்னைவிட நிறையத் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது என்றால் இணைப்பில் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது கழன்றுகொண்டிருக்கிறது. அதை ஓட்டவே கூடாது. 2024 ஆகஸ்டில் மாருதி சுசூகி, ஸ்டீயரிங் கியர் பாக்ஸில் குறை இருக்கலாம் என்று 2,555 ஆல்டோ கே10 கார்களைத் திரும்ப அழைத்தபோது, பாகத்தை மாற்றும்வரை காரை எடுக்க வேண்டாம் என்றே உரிமையாளர்களிடம் சொன்னது. நகரத்துக்குள் ஓடும் சின்னக் காருக்கே அந்த எச்சரிக்கை.

இதில் பணமும் இருக்கிறது. வழக்கமான கார் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று: சேதமடைந்த வண்டியைப் பழுது பார்க்காமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுக்க உரிமையாளர் பொறுப்பு. வளைந்த டை ராடோடு மலை இறங்கி, வழியில் டயரும் வீல் பேரிங்கும் போனால், டை ராடுக்கு மட்டும்தான் கிளைம். இழுவைச் செலவுக்கும் அந்தப் பாலிசியில் பொதுவாக 1,500 ரூபாய்தான் வரம்பு. கம்பெனி தரும் சாலை உதவிச் சேவையும் பெரும்பாலும் லாரி வந்து நிற்கக்கூடிய சாலைவரைதான் வரும். காட்டுப்பாதையிலிருந்து அங்கே கொண்டுவந்து சேர்ப்பது நம் கூட்டாளிகளும், கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் அவர்களுடைய வின்ச்சும்தான்.

எது போயிருக்கிறது?

எல்லா ஆஃப்ரோடு வண்டிக்கும் ஸ்டீயரிங் ஒரே மாதிரி இல்லை. 2020-ல் வந்த மூன்று கதவுத் தாரில் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். ஐந்து கதவு ராக்ஸ் வந்தபோது அது எலெக்ட்ரிக்காக மாறிவிட்டது. கூர்க்காவிலும் ஸ்டீயரிங் ஹைட்ராலிக். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கும். பழைய ஜீப்புகள்போல ஸ்டீயரிங் பாக்ஸ் வைத்து, அதற்கு எலெக்ட்ரிக் அசிஸ்ட் கொடுத்து, அதிர்வைத் தாங்க ஒரு டாம்பரையும் போட்டிருக்கிறார்கள்.

ஹைட்ராலிக் வண்டியில் பெல்ட், பம்ப், ஆயில், ஹோஸ் என்று தேட வேண்டும். ஆற்றைக் கடந்து ஏறியதும் ஸ்டீயரிங் சிறிது நேரம் கனத்துப் பிறகு சரியானால், நனைந்த பெல்ட் வழுக்கியிருக்கும். அதற்கு யாரிடமும் போக வேண்டாம். ஸ்டீயரிங் ஆயில் டேங்கில் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஃபுல் லாக்கில், அதாவது கோடிவரை திருப்பிய நிலையில், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே பாறையோடு மல்லுக்கட்டுவது பம்புக்கு எமன்.

எலெக்ட்ரிக்கில் குழப்பம் அதிகம். பாறைகளுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விடாமல் திருப்பினால் மோட்டார் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும். ஆறியதும் பழையபடி ஆகிவிடும். அது பழுது இல்லை. பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலும் இதே விளையாட்டு நடக்கும். வின்ச் ஓட்டிப் பேட்டரியைக் காலி செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் சாதாரணத் தார்ச்சாலையில், ஆறிய வண்டியில், விளக்கு எரிந்து உதவி நின்றால் மோட்டாரோ, டார்க் சென்சாரோ, கன்ட்ரோல் யூனிட்டோ, வயரிங்கோ போயிருக்கிறது என்று பொருள். வாரன்டிக்கென்றே பிறந்த கோளாறு அது.

மெக்கானிக்கல் ஆட்டத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சக்கரங்கள் தரையில் இருக்க, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக அசைக்க, இன்னொருவர் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிறதோ அதுதான் ஆள். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை இரண்டு பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராடு எண்டு. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வருவது பால் ஜாயின்ட், கிங்பின் பேரிங், வீல் பேரிங் வகையறா. இதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றதும் காணாமல் போகும் சத்தங்களுக்கு அந்த வீடியோதான் சாட்சி.

சர்வீஸ் சென்டர்

வாரன்டியின் பலம் விலை உயர்ந்த பாகங்களில்தான். ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பாகம்), பம்ப், எலெக்ட்ரிக் மோட்டாரோடு சேர்ந்த ஸ்டீயரிங் தண்டு போன்றவற்றைச் சொந்தக் காசில் மாற்றுவதென்றால் கண் கலங்கும். டை ராடு எண்டு, ரப்பர் புஷ், வீல் அலைன்மென்ட் போன்றவற்றைத் தேய்மானம் என்று பல வாரன்டிகள் ஒதுக்கிவிடும், அல்லது குறைந்த காலத்துக்குத்தான் ஏற்கும். எனவே "வாரன்டி இருக்கிறது" என்பது மட்டும் போதாது; எந்தப் பாகத்துக்கு, எத்தனை கிலோமீட்டர்வரை என்று கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். மாருதியை எடுத்துக்கொண்டால், 2024 ஜூலை 9 முதல் டெலிவரி ஆன கார்களுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். அதற்கு முன் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான். 2023 ஜூனில் ஜிம்னி வந்ததும் முதல் வரிசையில் நின்று வாங்கியவருக்கும், ஒரு வருடம் தள்ளி வாங்கியவருக்கும் ஒரே வண்டிக்கு வேறு வேறு வாரன்டி.

பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. பாகம் வர வாரக்கணக்கில் ஆகும். "செக் பண்ணிட்டோம் சார், நார்மல்தான்" என்று வண்டி திரும்பி வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஆஃப்ரோடு யூஸ்" என்ற இரண்டு வார்த்தைகளில் கோரிக்கை விழுந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தில் உரிமையாளர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். வாரன்டிக் கையேடுகளில் விலக்கப்படுபவை பெரும்பாலும் பந்தயம், ராலி, அதிகச் சுமை, விபத்து, தவறான பயன்பாடு போன்றவை. லோ ரேஞ்ச் கியரும் டிஃப்பரென்ஷியல் லாக்கும் போட்டு, சேற்றிலும் பாறையிலும் ஏறும் விளம்பரத்தைக் காட்டி விற்ற வண்டியை மண் பாதையில் ஓட்டியதே தவறான பயன்பாடு என்று சொல்வது லேசில் நிற்காது. நிற்பது எது தெரியுமா? இடித்த தடம். ராடில் வளைவு, ராக்கின் வெளிக்கூட்டில் கீறல், கிழிந்த பூட் (ராக்கின் முனைகளை மூடும் ரப்பர் உறை). இவை இருந்தால் சர்வீஸ் சென்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால், "எந்த இடத்தில் வெளிச்சேதம் தெரிகிறது, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் பேப்பர் என்றதும் ஒருமுறை யோசிப்பார்கள்.

பூட் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆஃப்ரோடு வண்டிகளின் ராக் மெல்லச் சாவது இப்படித்தான். குச்சியோ கல்லோ பட்டு ரப்பர் பூட்டில் சின்னக் கிழிசல். அன்று ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த பயணங்களில் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் ராக்கின் வழவழப்பான தண்டை அரிக்கும். மாதங்கள் கழித்து ஆயில் கசியும், சத்தம் வரும். அப்போது கொண்டுபோனால், "பூட் கிழிஞ்சிருக்கு, வெளிச்சேதம்" என்பதோடு வாரன்டி முடிந்தது. எந்த நாளில் எந்தக் கல்லில் பட்டது என்று சொல்ல முடியாததால் இன்சூரன்ஸும் தயங்கும். இரண்டுக்கும் நடுவில் விழுந்து, விலை உயர்ந்த பாகம் நம் தலையில். ஒவ்வொரு மலைப் பயணத்துக்குப் பிறகும் டார்ச் அடித்து இரண்டு பூட்டையும் பார்த்துவிடுவது மட்டும்தான் வழி. பூட் மலிவான பாகம்.

மாடிஃபிகேஷன் செய்தவர்கள் நிலை சிக்கல். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரைக் கழற்றி 215/75 ஆர்15 போடுவது ரொம்ப சகஜம். அதோடு வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீல், இரண்டு இன்ச் லிஃப்ட். பெரிய டயரும் தள்ளி நிற்கும் வீலும் ஸ்டீயரிங் மூட்டுகளில் சுமையைக் கூட்டும். முழு ஆக்ஸில் வண்டியை உயர்த்தினால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து, ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரும் குணம் போய்விடும். இதற்குப் பிறகு ஆட்டம் வந்தால் சர்வீஸ் சென்டர் டயரைத்தான் முதலில் பார்க்கும், அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் லிஃப்ட் போட்டதற்கும் கன்ட்ரோல் யூனிட் எரிந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இனி ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது புகாரை எழுதும் தாள். நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள். "டை ராடு எண்டு மாத்தணும்" என்று எழுத வைத்தால் அது நீங்கள் கேட்டு வாங்கிய வேலை, பில் உங்களுக்கு. "60 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் உதறுகிறது" என்று எழுத வைத்தால், ஏன் என்று கண்டுபிடிப்பது அவர்கள் பொறுப்பு. "ஜாப் கார்டு எதுக்கு சார், இப்படியே பாத்துடறோம்" என்று அட்வைசர் அன்பாகச் சொல்வார். அந்த அன்பு வேண்டாம். பதிவில் இல்லாத வருகை பிறகு நடக்காத வருகை ஆகிவிடும். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் என்றால் ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடுகளின் பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள், அழிப்பதற்கு முன்னால்.

வண்டி எண்ணைக் கொடுத்து ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைப்பது) ஏதும் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம். ரீகால் என்றால் வாரன்டி முடிந்திருந்தாலும் இலவசம். 2023 ஜூலையில் எஸ்பிரஸ்ஸோ, ஈக்கோ வண்டிகள் 87,599-ஐ டை ராடில் ஒரு பாகத்துக்காக மாருதி திரும்ப அழைத்தது. ஒரே மாடலில் பலருக்கு ஒரே கோளாறு வருகிறது என்று தெரிந்தால் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் புகார் பதியலாம். 7 ஆண்டுக்குள் உள்ள வண்டிகளுக்கு, புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கட்டாய ரீகால் வரைக்கும் போகும் விதி 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது.

இன்சூரன்ஸ்

ஆஃப்ரோடு ஆட்கள் குறைவாகப் பயன்படுத்துவதும், தவறாகப் பயன்படுத்துவதும் இதைத்தான்.

ஓன் டேமேஜ் பாலிசி விபத்தால் வந்த வெளிச்சேதத்துக்கு. தேய்மானமும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுனும் அதில் கிடையாது என்று பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டீயரிங் மோட்டார் நின்றுபோனதற்கு இன்சூரன்ஸில் போட்டால் கிடைக்காது. பாறையில் இடித்து டை ராடு வளைந்தால் கிடைக்கும். போட்டி, டிரையல், வேகச் சோதனை மாதிரியான நிகழ்ச்சிகளில் ஓட்டியபோது நடந்திருந்தால் அப்போதும் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நாம் ஏற்க வேண்டிய தொகை, 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஜிம்னி 1462 சிசி, அதனால் ஆயிரம், கூர்க்காவுக்கு இரண்டாயிரம். ஜீரோ டெப் (தேய்மானக் கழிவைத் தவிர்க்கும் கூடுதல் பாலிசி) எடுக்காதவருக்கு ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதி போகும். உலோகப் பாகங்களில் வண்டிக்கு ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் 10 சதவீதம், இரண்டு முதல் மூன்றுக்குள் 15 சதவீதம். இதற்கு மேல் நோ கிளைம் போனஸ்: முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் வருடம் 50 சதவீதம் வரை ஏறும் அந்தத் தள்ளுபடி, ஒரு கிளைமில் பூஜ்யமாகிவிடும். ஒற்றை டை ராடுக்கு இன்சூரன்ஸில் போவது, போனஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரும்பாலும் நஷ்டம். ராக், லோயர் ஆர்ம், வீல் எல்லாம் சேர்ந்து அடிபட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள்.

இன்சூரன்ஸைத் தவறாகப் பயன்படுத்துவது என்றேனே, அது இது: சர்வீஸ் சென்டரில் "எதிலயும் இடிக்கல, தானா போச்சு" என்று எழுதிவிட்டு, அங்கே மறுத்ததும் அதே பாகத்துக்கு "பாறையில் இடித்தது" என்று கிளைம் போடுவது. சில அட்வைசர்களே இதை யோசனையாகச் சொல்வார்கள். சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் ஜாப் கார்டைக் கேட்பார். இரண்டு கதைகளும் ஒரே கோப்பில் சேர்ந்துவிட்டால் வாரன்டியும் இல்லை, கிளைமும் இல்லை. பிறகு வழக்குப் போட்டாலும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். இடித்திருந்தால் முதலிலேயே இடித்தது என்று சொல்லிவிடுவதுதான் லாபம். இடித்த இடத்தின் படம், தேதியோடு, கைப்பேசியில் இருக்கட்டும்.

வெளி மெக்கானிக்

சூரியநெல்லியிலிருந்து கொளுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்கள் பழைய லீஃப் ஸ்பிரிங் மஹிந்திராக்களை விடாமல் வைத்திருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: எந்த ஊர் லேத் பட்டறையிலும் அதைப் பழுது பார்த்துவிடலாம். நல்ல மெக்கானிக்கின் கையும் காதும் ஸ்கேனர் சொல்லாததைச் சொல்லும். டை ராடு எண்டு, டிராக் லிங்க், புஷ், அலைன்மென்ட் போன்ற தேய்மான வேலைகளை வாரன்டி எப்படியும் ஏற்கப்போவதில்லை என்றால், ஒரிஜினல் பாகத்தை நாமே வாங்கிக் கொடுத்து வெளியே செய்வது விலையிலும் நேரத்திலும் மேல்.

"வெளியே கை வெச்சா வாரன்டி கேன்சல்" என்ற மிரட்டலைப் பற்றி. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று சொல்லியிருக்கிறது. வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவு சேதம் வந்ததோ, அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம். கம்பெனிகள் மேல்முறையீடு போயின, வழக்கு நீண்டது. இருந்தாலும் கவுன்டரில் நின்று பேசும்போது கையில் வைத்திருக்க வேண்டிய வாதம் இது.

அப்படியிருக்க, ஸ்டீயரிங்கை மட்டும் ஏன் முதலில் வெளியே திறக்கக் கூடாது என்கிறேன்? வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மறுக்கலாம் என்ற அந்த விதிவிலக்குதான் காரணம். வெளியே டை ராடைக் கழற்றி மாட்டிய பிறகு ராக் போனால், "நட்டை சரியா முறுக்கல, அலைன்மென்ட் தப்பு, அதனாலதான் ராக் போச்சு" என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். இல்லை என்று நிரூபிப்பது நமக்குக் கடினம். ஏசியிலோ கதவிலோ இந்தச் சங்கிலி இல்லை; ஸ்டீயரிங்கில் ஒவ்வொரு பாகமும் அடுத்த பாகத்தின்மேல் பழி போட வசதியாகக் கோத்திருக்கிறது. முதல் பரிசோதனைத் தாளில் "ராக் நன்றாக உள்ளது, டை ராடு எண்டு தேய்வு" என்று சர்வீஸ் சென்டரே எழுதிவிட்டால், அதன் பிறகு வெளியே போவதில் ஆபத்து குறைவு. கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் எறியாதீர்கள்.

ராக்கை ரீகண்டிஷன் செய்வது வாரன்டி முடிந்த வண்டிக்கான வேலை. வாரன்டிக்குள் அதைச் செய்வது கம்பெனியின் கடனை நாமே அடைப்பது. அவசரம் மட்டும் விதிவிலக்கு: மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்டால் வளைந்த ராடை அங்கேயே நிமிர்த்தி மெல்ல ஊர் வந்து சேரலாம், ஆனால் நிமிர்த்திய ராடு மறுபடி ஓட்டத்துக்கு அல்ல. ஒருமுறை வளைந்த இரும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

டாம்பர் என்னும் ஆசை

முழு ஆக்ஸில் வண்டிகளில் ஒரு பள்ளத்தில் ஏறியதும் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடத் தொடங்கும். நம் ஊரில் வாப்ளிங் என்பார்கள். கடையில் உடனே பெரிய டாம்பரை நீட்டுவார்கள். அமெரிக்காவில் ஜீப் ராங்லர் ஜேஎல் வண்டிகளில் இந்த ஆட்டம் பெரிய புகாராகி, 2019-ல் கம்பெனியே டாம்பரை இலவசமாக மாற்றித் தந்தது. அதைப் பார்த்து டாம்பர்தான் மருந்து என்று பலர் நம்புகிறார்கள். டாம்பர் ஆட்டத்தை அடக்கும். ஆட்டத்தைத் தூண்டிய தளர்வைச் சரி செய்யாது. வீல் பேலன்சிங், குறுக்கு ராடின் புஷ், கிங்பின் பேரிங், டை ராடு எண்டு, காஸ்டர் என்று வரிசையாகப் பார்த்து முடித்த பிறகுதான் டாம்பரின் முறை. வாரன்டி வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியில் வாங்கிய டாம்பர் ஆட்டத்தை மறைத்துவிட்டால், சர்வீஸ் சென்டரில் அது தெரியாது; "நார்மல்" என்று எழுதிவிடுவார்கள்; வாரன்டி முடிந்த பிறகு அதே ஆட்டம் திரும்பி வரும்.

மறுத்துவிட்டால்

டீலரின் வொர்க்ஸ் மேனேஜர், பிறகு கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர், பிறகு கம்பெனிக்கு நேரடி மின்னஞ்சல் என்ற வரிசையில் போவது நல்லது. வாரன்டி சமீபத்தில்தான் முடிந்திருந்தால் குட்வில் என்று கேட்டுப் பாருங்கள். பாகம் கம்பெனி செலவு, கூலி நம் செலவு என்ற மாதிரி இறங்கி வருவதுண்டு. பழைய ஜாப் கார்டுகளில் அதே புகார் பதிவாகியிருந்தால் இந்தப் பேச்சு எளிதாக முடியும்.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

எதைக் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். கோபத்தில் எல்லோரும் "வண்டியையே மாத்திக் குடு" என்றுதான் தொடங்குவார்கள். மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரன்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான், முழுக் காரையும் மாற்றித் தருவதற்கு அல்ல என்று சொல்லிவிட்டது. வண்டி முழுக்கக் குறையுள்ளது என்று நிபுணர் அறிக்கையோடு காட்ட முடியாதவர்கள், பாகம் மாற்றம், ஏற்கெனவே செலவழித்த பணம், வண்டி நின்ற நாட்களுக்கான இழப்பீடு என்று கேட்பதே கைக்கு எட்டும். பழுதான ராக்கை அதற்குள் வெளியே கழற்றி மாற்றியிருந்தால் சோதனைக்கு அனுப்பவே பொருள் இருக்காது. வழக்குப் போடும் எண்ணம் துளி இருந்தாலும் வண்டியை அப்படியே நிறுத்தி வையுங்கள். நிறுத்தி வைக்க வசதி இல்லை, அதுதான் ஒரே வண்டி என்பவர், தனி நிபுணரிடம் படங்களோடு அறிக்கை வாங்கி, கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, கழற்றிய பாகத்தைச் சீல் வைத்துப் பத்திரப்படுத்திவிட்டு வேலையைச் செய்துகொள்ளலாம்.

எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுப்பதா என்று கேட்பவர்களுக்கு: எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டி என்றால் எடுங்கள், அதுவும் கம்பெனி நேரடியாகத் தருவதை. முதல் வாரன்டி முடிவதற்குள் வாங்க வேண்டும், தள்ளிப்போடப் போட விலை ஏறும். ஹைட்ராலிக் வண்டி, பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக், பெரிய டயர் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் அந்தப் பணத்தை ஒரிஜினல் டை ராடு எண்டு ஜோடிக்கும் பூட் கிட்டுக்கும் செலவழித்து டிக்கியில் போட்டு வைப்பேன்.